அப்டேட்டுக்குப் பிறகு ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா? முதலில் 'கேன்சல்' கொடுங்கள்

போன ஆவணியில் ஒரு முகூர்த்த நாளுக்கு மறுநாள் காலை. பெருந்துறையில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் கடைக்கு, கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் வந்தார். கையில் மஞ்சப்பை. பைக்குள் ஒரு துண்டு, துண்டுக்குள் சுற்றி வைத்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்.

"ஏனுங்க, நேத்து ராத்திரி கம்ப்யூட்டர் தானா அப்டேட் ஆச்சுங்க. காத்தால இதைச் சொருகுனா ஃபார்மேட் பண்ணச் சொல்லுதுங்க. மூணு கல்யாணம் இதுலதான் இருக்குது. பண்ணிப்போடட்டுங்களா?"

"வேண்டாங்ணா. கேன்சல் கொடுத்துட்டுத்தானே வந்தீங்க?" என்றுதான் முதலில் கேட்டேன். ஆமாம் என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவருடைய டிஸ்க் என்ன ஆனது என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். அதற்கு முன்னால், அவர் கேட்ட கேள்விக்குப் பின்னால் இருக்கும் விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு டிஸ்க்கைச் சொருகியதும் கம்ப்யூட்டர் அதை எப்படி அடையாளம் காண்கிறது? அப்டேட் ஆன பிறகு அந்த வரிசையில் எந்த இடத்தில் தடங்கல் வருகிறது? இது தெரிந்தால் பாதிப் பிரச்சினைகளை வீட்டிலேயே சரி செய்துவிடலாம். அதைவிட முக்கியம், எந்தப் பொத்தானைத் தொடக்கூடாது என்பது தெரிந்துவிடும். நான் பார்த்தவரை அப்டேட்டால் அழிந்த ஃபைல்கள் கொஞ்சம்தான். அப்டேட்டுக்குப் பிறகு பதற்றத்தில் அழுத்திய ஃபார்மேட்டால் போனவைதான் அதிகம்.

காடும் பதிவேடும்

நம் ஊர்ப் பக்கம் ஒரு காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மண் இருக்கிறது, அதில் சோளமோ கடலையோ விளைந்து நிற்கிறது. எந்த சர்வே எண் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, அது யார் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் வி.ஏ.ஓ. ஆபீஸ் பதிவேட்டில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். உங்கள் போட்டோ, கணக்கு, வீடியோ எல்லாம் டிஸ்க்கின் பரப்பில் விளைந்து நிற்கும் வெள்ளாமை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கும் பதிவேட்டுக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். விண்டோஸ் பழகிய பதிவேட்டு முறை என்.டி.எஃப்.எஸ். ஆப்பிள் மேக்கின் முறை ஏ.பி.எஃப்.எஸ்., அதற்கு முந்தையது எச்.எஃப்.எஸ். பிளஸ். இரண்டு பக்கமும் படிக்கத் தெரிந்த பொது முறை எக்ஸ்ஃபேட். அது 2006-இல் வந்தது.

பதிவேட்டில் ஒரு பக்கம் நனைந்து எழுத்து அழிந்துபோனால் காடு எங்கும் போய்விடாது. வெள்ளாமை அப்படியே நிற்கும். ஆனால் ஆபீஸில் கேட்டால், "அப்படி ஒரு பூமி இருப்பதாகப் பதிவு இல்லையே" என்பார்கள். கம்ப்யூட்டர் 'ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று கேட்பதற்கு அர்த்தம் இதுதான்: "எனக்கு இந்தப் பதிவேட்டைப் படிக்க முடியவில்லை." காலியாக இருக்கிறது என்று அது சொல்லவே இல்லை.

ஃபார்மேட் கொடுத்தால் என்ன நடக்கும்? பழைய பதிவேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றைத் திறந்து, "இந்த ஊரில் யாருக்கும் எதுவும் கிடையாது, எல்லாம் தரிசு" என்று முதல் பக்கத்தில் எழுதிவிடும். 'குவிக் ஃபார்மேட்' என்பது இதோடு நிற்கும். அந்த டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுத்தால் இன்னும் மோசம். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து முழு ஃபார்மேட் டிஸ்க் முழுவதிலும் பூஜ்ஜியம் எழுதிக்கொண்டே போகும்; வெள்ளாமையை உழுது மடக்குவது மாதிரி. அதற்குப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

சரி, அப்டேட் இதில் எங்கே வருகிறது? விண்டோஸில் மாதாமாதம் வரும் சின்ன அப்டேட்கள் அமெரிக்காவில் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளிவரும். நமக்கு அது செவ்வாய் இரவு. அதனால் புதன், வியாழனில் எங்கள் கடைக்கு ஃபோன் கூடுதலாக வரும். இவை பெரும்பாலும் சில ஃபைல்களை மாற்றி, டிரைவர் எனப்படும் இணைப்பு மென்பொருளைப் புதுப்பித்துவிட்டுப் போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய அப்டேட்டும், விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு ஏறுவதும் வேறு வகை. அதில் பழைய விண்டோஸை ஒரு ஓரமாக மூட்டை கட்டி வைத்துவிட்டு, புதிய விண்டோஸை நிறுவி, பழைய அமைப்புகளை இதற்குள் கொண்டுவந்து சேர்க்கும். வீடு மாறும்போது சாமான் எங்கேயோ இடம் மாறிக் கிடக்குமே, அதுபோல் டிரைவர், டிஸ்க்குக்கு விண்டோஸ் வைக்கும் ஈ, எஃப் போன்ற டிரைவ் எழுத்து, மின்சேமிப்பு அமைப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று மாறிவிடும். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதால் நிறையப் பேர் 11-க்கு மாறினார்கள். இந்தப் பிரச்சினை இப்போது அதிகம் காதில் விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த மாற்றமெல்லாம் கம்ப்யூட்டருக்குள் நடப்பது. வெளியே இருக்கும் டிஸ்க்கில் அப்டேட் வழக்கமாகக் கை வைப்பதில்லை.

முதலில் கரண்ட், அப்புறம் கேபிள்

டிஸ்க் தெரியவில்லை என்றால் மவுஸைத் தொடாதீர்கள். காதை டிஸ்க்கின் பக்கத்தில் கொண்டுபோங்கள். உள்ளே தட்டு சுற்றும் மெல்லிய இரைச்சல் கேட்கிறதா? விளக்கு எரிகிறதா? கையில் பிடித்தால் லேசான அதிர்வு தெரிகிறதா?

பாக்கெட்டில் வைக்கிற சின்ன டிஸ்க்கிற்குத் தனி மின் இணைப்பு கிடையாது. யு.எஸ்.பி. போர்ட்டிலிருந்தே கரண்ட் எடுக்கும். பழைய யு.எஸ்.பி. 2.0 போர்ட் தரும் அளவு 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் தருவது 900. டிஸ்க் நின்ற நிலையிலிருந்து சுற்ற ஆரம்பிக்கும் அந்த ஓரிரு நொடிகளில்தான் அதற்கு அதிக கரண்ட் தேவைப்படும். அந்த நேரத்தில் பற்றாவிட்டால் சுற்ற முயன்று நின்றுவிடும், மறுபடி முயலும். ஒரே போர்ட்டில் ஹப் போட்டு அதில் கீபோர்டு, மவுஸ், பிரின்டர், பென் டிரைவ் எல்லாம் சொருகி, கடைசியில் ஹார்ட் டிஸ்க்கையும் சொருகினால் என்ன ஆகும்? கீழ்பவானி வாய்க்கால் பாசனக்காரர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. ஹப்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கம்ப்யூட்டரில் சொருகுங்கள். டெஸ்க்டாப் என்றால் முன்பக்கத்து போர்ட்டை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் சொருகுங்கள். பின்பக்க போர்ட்டுகள் நேராக மதர்போர்டில் இருப்பவை. முன்பக்கத்தவை உள்ளே ஒரு ஒயர் வழியாக வருபவை.

பெரிய அளவு டிஸ்க்குகளுக்கு 12 வோல்ட் அடாப்டர் தனியாக உண்டு. வோல்டேஜ் ஏறி இறங்கும் இடங்களில் முதலில் உயிரை விடுவது அந்த அடாப்டர்தான். டிஸ்க் செத்துவிட்டது என்று கொண்டுவந்து, அடாப்டரை மட்டும் மாற்றிக்கொண்டு போனவர்கள் பலர்.

அடுத்தது கேபிள். ஸ்டூடியோ அண்ணனின் கதை இங்கேதான் முடிந்தது. அவருடைய டிஸ்க்கை அவருடைய கேபிளோடு என் கம்ப்யூட்டரில் சொருகினேன். இங்கேயும் அதே ஃபார்மேட் செய்தி. கேன்சல் கொடுத்துவிட்டு, அதே டிஸ்க்கை என்னுடைய கேபிளில் சொருகினேன். இரண்டு நொடி. மூன்று கல்யாணமும் திறந்து நின்றன. அவர் டேபிள் மேல் கையை ஊன்றிக்கொண்டு அப்படியே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

என்ன நடந்திருக்கிறது என்றால், டிஸ்க் பக்கம் சொருகும் அந்த அகலமான, நடுவில் ஒரு பிளவு இருக்கும் முனை நாளாக நாளாகத் தளர்ந்துவிடும். யு.எஸ்.பி. கேபிளுக்குள் கரண்ட் போகும் ஒயர் வேறு, தகவல் போகும் ஒயர் வேறு. 2.0 கேபிளில் மொத்தம் நான்கு ஒயர். இரண்டு கரண்ட்டுக்கு, இரண்டு தகவலுக்கு. 3.0-இல் கூடுதலாக ஐந்து. கரண்ட் ஒயர் நன்றாக இருந்தால் விளக்கு எரியும், தட்டு சுற்றும், பார்க்கிறவருக்கு டிஸ்க் உயிரோடு இருப்பது தெரியும். தகவல் ஒயரில் தொடர்பு விட்டு விட்டு வந்தால் கம்ப்யூட்டர் பதிவேட்டைப் படிக்கப் பார்த்து, பாதியில் அறுந்து, "படிக்க முடியவில்லை, ஃபார்மேட் செய்யட்டுமா" என்று கேட்கும். அப்டேட்டுக்காகக் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனதும் அவர் காலையில் கேபிளைப் பிடுங்கிச் சொருகியிருக்கிறார். ஏற்கெனவே தளர்ந்திருந்த முனை அதில் ஆட்டம் கண்டுவிட்டது. அப்டேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த நேரத்தில் அவர் 'சரி' என்று ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால், சில நூறு ரூபாய் கேபிளுக்காக மூன்று குடும்பங்களின் கல்யாணப் படம் போயிருக்கும்.

அதனால் கேபிளை மாற்றுங்கள். ஃபோன் சார்ஜர் கேபிள் ஒன்றை எடுத்து மாட்டும்போதும் கவனம். சில மலிவான சார்ஜிங் கேபிள்களில் தகவல் ஒயரே இருக்காது.

கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது, இன்னும் தெரியவில்லை. அப்போது பக்கத்து வீட்டிலோ கடையிலோ அப்டேட் ஆகாத இன்னொரு கம்ப்யூட்டரில் சொருகிப் பாருங்கள். இந்த ஒரு சோதனை ஊரில் பாதி குழப்பத்தைத் தீர்த்துவிடும். அங்கே திறந்தால் டிஸ்க் நலம், கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில். திறந்த கையோடு, முக்கியமானவற்றை அங்கேயே இன்னொரு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். மற்ற ஆராய்ச்சியெல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஷட்டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு

"நான் நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேனுங்க" என்பார்கள். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கம்ப்யூட்டரில் ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக அணையாது. இயங்குதளத்தின் உட்பகுதியையும் டிரைவர்களின் நிலையையும் அப்படியே ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட்டுப் படுக்கும். காலையில் அதையே எடுத்து விரித்துக்கொள்ளும். நேற்றைய குழப்பம் இருந்தால் அதுவும் சேர்ந்தே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, ரீஸ்டார்ட் கொடுத்து, முழுதாக எழுந்த பிறகு டிஸ்க்கைச் சொருகுங்கள்.

கதவு எண் மாறிய வீடு

இதுவரை சரியாகவில்லை என்றால், கம்ப்யூட்டர் டிஸ்க்கைப் பார்க்கிறதா என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலது கிளிக் செய்தால் ஒரு பட்டியல் வரும். அதில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்பதைத் திறங்கள். கீழ்ப்பாதியில் ஒவ்வொரு டிஸ்க்கும் ஒரு நீளப் பட்டையாகத் தெரியும். டிஸ்க் 0 என்பது பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குள் இருப்பது. 1 அல்லது 2 உங்கள் எக்ஸ்டர்னல். கொள்ளளவைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். 1 டிபி என்று வாங்கிய டிஸ்க் இங்கே 931 ஜிபி என்று காட்டும். பயப்பட வேண்டாம், கம்பெனிக்காரர்கள் ஆயிரத்தால் எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது.

இந்த ஜன்னலில் பார்ப்பதால் எந்தக் கேடும் இல்லை. ஆனால் இங்கே இருக்கும் சில கட்டளைகள் மிகவும் ஆபத்தானவை. அதனால் அவசரமில்லாமல் படித்துப் பாருங்கள்.

பட்டையில் 'ஹெல்த்தி' என்று இருக்கிறது, என்.டி.எஃப்.எஸ். என்றும் இருக்கிறது, ஆனால் ஈ, எஃப் என்று எந்த எழுத்தும் இல்லை என்றால் மகிழ்ச்சியாக ஒரு டீ குடிக்கலாம். காடும் பதிவேடும் பத்திரம். கதவு எண் மட்டும் ஒட்டவில்லை. அந்தப் பட்டையில் வலது கிளிக் செய்து, டிரைவ் எழுத்தை மாற்றும் கட்டளையில் 'ஆட்' கொடுத்து ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒரு ஃபைலும் தொடப்படாது.

எழுத்து இருக்கிறது, ஆனால் மாறிவிட்டது என்பது இன்னொரு நிலை. திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கும் அக்கா ஒருவர், அழாத குறையாக ஃபோன் செய்தார். அப்டேட்டுக்குப் பிறகு டேலி என்ற கணக்கு மென்பொருளைத் திறந்தால் அதில் கம்பெனியின் கணக்கே இல்லையாம். ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யக் கடைசி நாள் வேறு. டேலியின் டேட்டா எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஈ டிரைவில் இருந்தது. அப்டேட் நடந்தபோது பிரின்டரோடு ஒரு மெமரி கார்டு ரீடரும் சொருகியிருந்திருக்கிறது. ரீஸ்டார்ட் ஆனதும் கார்டு ரீடர் ஈ எழுத்தைப் பிடித்துக்கொண்டது, டிஸ்க் எஃப் ஆகிவிட்டது. டேலிக்கு அது தெரியாது. அது பழைய விலாசத்திலேயே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. நம் ஊர் நகராட்சிகளில் பழைய எண், புதிய எண் என்று மாற்றியபோது தபால்காரர் தவித்தாரே, அதே கதைதான். ஃபோனிலேயே சொல்லச் சொல்ல, கார்டு ரீடரைக் கழற்றிவிட்டு, எஃப்பை மறுபடி ஈ ஆக்கினார். கம்பெனி வந்துவிட்டது.

இது அவருக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 2019 மே மாதம் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில், யு.எஸ்.பி. டிஸ்க்கோ மெமரி கார்டோ சொருகியிருந்தால் டிரைவ் எழுத்துகள் இடம் மாறக்கூடும் என்று தெரிந்து, அப்படிச் சொருகியிருக்கும் கம்ப்யூட்டர்களில் அந்த அப்டேட் ஏறாதபடி மைக்ரோசாஃப்ட் தற்காலிகமாகத் தடுத்தே வைத்தது.

'ஆஃப்லைன்' என்று எழுதியிருந்தால், இடது பக்கம் டிஸ்க்கின் பெயர் இருக்கும் கட்டத்தில் வலது கிளிக் செய்து 'ஆன்லைன்' கொடுங்கள். ஒரு டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து இரண்டையும் ஒரே நேரத்தில் சொருகினால் இப்படி ஆகும். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் ஒன்றை விண்டோஸ் ஒதுக்கி வைக்கும்.

'ரா' என்று காட்டினாலோ, பட்டை கறுப்பாகி 'அன்அலொகேட்டட்' என்று இருந்தாலோ, அல்லது இந்த ஜன்னலைத் திறந்ததுமே 'இனிஷியலைஸ் செய்யவா' என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றாலோ, எல்லாவற்றுக்கும் கேன்சல்தான். 'ரா' என்றால் பதிவேடு படிக்கப்படவில்லை. 'அன்அலொகேட்டட்' என்றால் எல்லைக்கல்லே தெரியவில்லை. இனிஷியலைஸ் என்பது புதிதாக எல்லைக்கல் நடுவது. டிஸ்க்கில் வேண்டிய ஃபைல் இருக்கும்போது இதில் எதையும் நீங்கள் செய்யக்கூடாது.

இதில் ஒரு விதிவிலக்கான நல்ல செய்தி உண்டு. அந்த டிஸ்க் முன்பு மேக்கில் ஃபார்மேட் செய்யப்பட்டதாக இருந்தால், அது முழு ஆரோக்கியமாக இருந்தாலும் விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, ஃபார்மேட் கேட்கும். கன்னடத்தில் எழுதிய பத்திரத்தை நம் ஆபீஸில் நீட்டினால் படிக்க முடியாதே தவிர, பத்திரம் செல்லாததாகிவிடாது. வீடியோ எடிட்டிங் செய்பவர்களிடமிருந்து வாங்கிய டிஸ்க் என்றால் இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவேடு உண்மையிலேயே கெட்டிருந்தால்

வேறு கேபிள், வேறு போர்ட், வேறு கம்ப்யூட்டர், எதிலும் 'ரா'. அப்போது பதிவேடு சேதமாகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஃபைல் நகலாகிக்கொண்டிருக்கும்போதே அப்டேட்டுக்காகக் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனாலோ, கரண்ட் போய் யு.பி.எஸ்.ஸும் கைவிட்டாலோ இப்படி நேரும்.

இங்கே பலரும் முதலில் தேடிப் பிடிப்பது, விண்டோஸில் இருக்கும் 'செக் டிஸ்க்' (chkdsk) என்ற பிழை திருத்தும் கட்டளையை. அது பதிவேட்டைத் திருத்தி எழுதும் கட்டளை. திருத்தும்போது தனக்குப் புரியாத வரிகளை வெட்டி ஒரு மூலையில் தள்ளிவிடும். வேறொரு நகல் கையில் இருக்கும்போது அது நல்ல கருவி. இருக்கிற ஒரே நகல் இதுதான் என்றால் முதலில் அதைத் தொடாதீர்கள்.

முதலில் செய்ய வேண்டியது மீட்பு. 'டெஸ்ட்டிஸ்க்', 'ஃபோட்டோரெக்' என்று இரண்டு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. டெஸ்ட்டிஸ்க் தொலைந்த எல்லைக்கற்களைத் தேடும். பல நேரங்களில் ஃபோல்டர், பெயர் எல்லாவற்றோடும் ஃபைல்களைக் காட்டி நகலெடுக்க விடும். ஃபோட்டோரெக் பதிவேட்டைப் பார்க்கவே பார்க்காது. நேரே காட்டுக்குள் இறங்கி, இது போட்டோ மாதிரி இருக்கிறது, இது வீடியோ மாதிரி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கும். படம் கிடைக்கும், பெயர் கிடைக்காது. ஆயிரக்கணக்கான போட்டோக்கள் வெறும் எண்களோடு வந்து குவியும். உட்கார்ந்து பிரிக்கத்தான் வேண்டும். ஆனாலும் கிடைக்கிறதே!

மீட்டதை அதே டிஸ்க்கில் எழுதவே கூடாது. வேறொரு டிஸ்க் கட்டாயம் வேண்டும். பழையதின் மேல் புதிதாக எழுதும் ஒவ்வொரு ஃபைலும் கீழே இருக்கும் ஒன்றை மூடும். சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க்கில் இன்னும் அவசரம். ஃபார்மேட் கொடுத்ததும் காலியான இடத்தைத் தானே துடைத்து வைக்கும் ஏற்பாடு அவற்றில் பலவற்றில் உண்டு. அதனால் தவறுதலாக ஃபார்மேட் ஆகிவிட்டால் உடனே கழற்றிவிடுங்கள்.

இந்தப் பொறுமை உங்களிடம் இல்லை, அல்லது டேட்டா அவ்வளவு முக்கியம் என்றால், அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது ஒரு வார்த்தை தெளிவாகச் சொல்லுங்கள்: "டிஸ்க் வேண்டாம், உள்ளே இருப்பதுதான் வேண்டும்." இது நான் அனுபவத்தில் கண்ட விஷயம். என் உறவினர் ஒருவர் ஒரு கடையில் "சரி பண்ணிக் கொடுங்க" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார். அவர்கள் ஃபார்மேட் செய்து, புத்தம் புதிதாக வேலை செய்கிற டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் மேல் கோபப்பட முடியவில்லை, கேட்டதைச் செய்திருக்கிறார்கள். அதில் அவருடைய அப்பாவின் கடைசி வருடப் போட்டோக்கள் இருந்தன. ஃபோட்டோரெக்கில் பாதிதான் திரும்ப வந்தது.

வந்து வந்து மறையும் டிஸ்க்

சில டிஸ்க்குகள் சொருகியதும் தெரியும், பத்து நிமிடத்தில் காணாமல் போகும். அப்டேட்டுக்குப் பிறகு மின்சேமிப்பு அமைப்புகள் பழையபடி திரும்பியிருந்தால் இப்படி நடக்கும். இணைத்திருக்கும் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, கடைசியில் இருக்கும் யு.எஸ்.பி. பகுதியில் 'ரூட் ஹப்' என்று இருப்பவற்றின் பிராப்பர்ட்டீஸில், மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்று இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் டிஸ்க்கின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் கோளாறு. அந்தப் பெயரில் வலது கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து, டிஸ்க்கைக் கழற்றி, ரீஸ்டார்ட் செய்து மறுபடி சொருகினால் டிரைவர் புதிதாக ஏறும். 'அன்இன்ஸ்டால்' என்ற சொல்லைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இது கம்ப்யூட்டரின் நினைவிலிருந்து டிஸ்க்கின் அறிமுகத்தை மட்டும் அழிப்பது, டிஸ்க்கைத் தொடாது.

பெரிய அப்டேட் ஏறியதிலிருந்துதான் எல்லாம் கெட்டது என்று உறுதியாகத் தெரிந்தால், 10 நாளுக்குள் பழைய பதிப்புக்கே திரும்பும் வசதி விண்டோஸ் செட்டிங்ஸில் ரெகவரி பகுதியில் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த மூட்டையை விண்டோஸ் அழித்துவிடும்.

மேக் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம். எக்ஸ்ஃபேட் டிஸ்க்கை எஜெக்ட் செய்யாமல் பிடுங்கியிருந்தால், அடுத்த முறை சொருகும்போது மேக் சத்தமில்லாமல் அதைப் பரிசோதித்துக்கொண்டிருக்கும். பெரிய டிஸ்க் என்றால் நெடுநேரம் ஆகும். அதுவரை ஃபைண்டரில் தெரியாது. டிஸ்க்கின் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் பிடுங்காமல் காத்திருங்கள். 2022-இல் வந்த வென்ச்சுரா பதிப்பிலிருந்து, ஆப்பிள் சொந்த சிப் இருக்கும் மேக் லேப்டாப்புகள் புதிய யு.எஸ்.பி. சாதனத்தை இணைக்க அனுமதி கேட்கின்றன. அந்தக் கேள்விக்குத் தெரியாமல் மறுப்புச் சொல்லியிருந்தால் டிஸ்க் தெரியாது. டிஸ்க் யுடிலிட்டியில் 'ஷோ ஆல் டிவைசஸ்' என்று வைத்துப் பார்த்தால் மவுன்ட் ஆகாத டிஸ்க்கும் தெரியும். என்.டி.எஃப்.எஸ். டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது. அது கோளாறு கிடையாது, அதன் இயல்பு.

டிஸ்க்கோடு இலவசமாக வரும் மென்பொருள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2013-இல் ஆப்பிளின் மேவரிக்ஸ் அப்டேட் வந்தபோது, வெளி டிஸ்க்குகளில் டேட்டா இழப்பு ஏற்படுவதாகப் புகார்கள் வந்து, வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனமே தன் டிஸ்க் மேலாண்மை மென்பொருள்களை நீக்கிவிடுமாறு வாடிக்கையாளர்களுக்கு எழுதியது. பாஸ்வேர்டு பூட்டுக்காக அது கட்டாயம் தேவைப்படுகிறவர்களைத் தவிர, மற்றவர்களுக்கு அந்த மென்பொருள் இல்லாமலேயே டிஸ்க் நன்றாக வேலை செய்யும்.

பூட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கர் போட்ட டிஸ்க் என்றால், பாஸ்வேர்டு மறந்தாலும் 48 இலக்க மீட்பு எண் இருந்தால் திறக்கும். அது இல்லை என்றால் என்னால் மட்டுமல்ல, யாராலும் திறக்க முடியாது. அப்டேட்டுக்கு முன்பே அந்த எண்ணைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள்.

டக், டக் என்று சத்தம் வந்தால்

சீரான இடைவெளியில் 'டக்... டக்' என்று கேட்டால் உடனே கழற்றுங்கள். இன்னொரு கம்ப்யூட்டரில் சொருகிப் பார்ப்பது, ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பது, தட்டிப் பார்ப்பது எதுவும் வேண்டாம். தகவலைப் படிக்கும் ஊசி போன்ற தலைப்பகுதி, சுற்றும் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தூசு அதைவிடப் பல மடங்கு பெரியது. தலை தட்டில் உரசினால் ஒவ்வொரு சுற்றிலும் பரப்பைச் சுரண்டிக்கொண்டே போகும். சுத்த அறை வைத்திருக்கும் டேட்டா மீட்பு நிலையங்கள்தான் இதைத் திறக்க வேண்டும். செலவு ஆயிரங்களில் தொடங்கும். சில டிஸ்க்குகளில் யு.எஸ்.பி. போர்ட் டிஸ்க்கின் போர்டிலேயே சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் அந்த போர்டே தகவலைப் பூட்டித்தான் எழுதும். அதனால் வெளிக்கூட்டைக் கழற்றிவிட்டு உள்ளே இருப்பதை வேறொன்றில் மாட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

அடுத்த அப்டேட் வருவதற்குள்

அப்டேட் தொடங்கும் முன் எக்ஸ்டர்னல் டிஸ்க், பென் டிரைவ், கார்டு ரீடர் எல்லாவற்றையும் முறையாக எஜெக்ட் செய்து கழற்றி வைத்துவிடுங்கள். செட்டிங்ஸில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. உங்கள் வேலை நேரத்தை அதில் கொடுத்துவிட்டால் அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. இரவில் எடிட்டிங் செய்யும் ஸ்டூடியோக்காரர்கள் கட்டாயம் மாற்ற வேண்டிய அமைப்பு இது.

அப்புறம் இரண்டாவது நகல். டிஸ்க் ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். இரண்டும் ஒரே மேசை டிராயரில் இருக்க வேண்டாம். ஸ்டூடியோ அண்ணன் இப்போது ஒன்றைக் கடையிலும் இன்னொன்றைச் சென்னிமலையில் இருக்கும் வீட்டிலும் வைத்திருக்கிறார். கல்யாண வேலை முடிந்த இரவே இரண்டிலும் ஏற்றிவிட்டுத்தான் கேமரா கார்டை அழிக்கிறார்.

திருப்பூர் அக்காவின் டிஸ்க்கிற்கு நானே போய், எழுத்து வரிசையில் தள்ளி இருக்கும் 'எம்' என்ற எழுத்தைக் கொடுத்து, டேலியிலும் அதே விலாசத்தை மாற்றி வைத்தேன். விண்டோஸ் புதிதாகச் சொருகுவதற்கு முன்வரிசை எழுத்துகளைத்தான் எடுத்துக் கொடுக்கும் என்பதால், வேறு எதுவும் வந்து அந்த எழுத்தைப் பிடிக்க வாய்ப்பு குறைவு. அவர் டிஸ்க்கின் மேல் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் பெரிதாக 'எம்' என்று எழுதி, அதன் கீழே சின்னதாக, "ஃபார்மேட் கேட்டால் கேன்சல்" என்றும் எழுதியிருக்கிறார்.